கால் சுற்று

துங்காபியில் எங்கள் வாசற்பாதை
ரோட்டைப் பார்த்துச் சரிந்து கிடக்கிறது.
வீடு வாங்கும்போது
ஒரு தேசிக்காயை உருட்டிப் பார்த்திருக்கலாம்.
கார்ப்போர்ட்டுக்குள் மட்டும் கொஞ்சம் மட்டம்.

ஜனவரி ஞாயிறு, காலை ஏழு மணி.
முன்ரயர் இரண்டும் மொட்டை.
இழுப்பதும் திருப்புவதும் அவைதான்,
பின்னவை கூட வருகின்றன.
வீட்டிலும் அப்படித்தான் என்று சொல்ல வந்து
விழுங்கிக்கொண்டேன்.

சில்லுக்கு அண்டை கொடுக்க
முகுந்தன் செங்கல் கொண்டுவந்தான்.
செங்கல் நொறுங்கும், மரக்கட்டை எடு என்றேன்.
"கார் என்ன, யானையா?"
ஆயிரத்து நானூறு கிலோ.
யானைக்காவது காது கேட்கும்.

நட்டுகளை நிலத்தில் நிற்கையிலேயே இளக்க வேண்டும்,
தூக்கியபின் என்றால் சில்லும் சேர்ந்து சுற்றும்.
ஒன்று மட்டும் மசியவில்லை.
கராஜில் யாரோ மெஷினால் இறுக்கிய அவசரம்
இன்னும் அதற்குள் இருந்தது.
ஸ்பானர் மேல் ஏறி நின்றேன்,
ஐம்பத்தெட்டுக் கிலோ, சப்பாத்தோடு.
டக்.
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஜக்கை அழுத்த அழுத்த
கார் விருப்பமில்லாமல் எழும்பியது,
திங்கட்கிழமை காலையில் என் மகன் எழும்புவதுபோல.
தாங்கிகளை வைத்து, மெல்ல இறக்கி,
எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு
தோளால் ஒரு இடி இடித்தேன்.
விழுவதென்றால் இப்போதே விழு.

விழவில்லை. சரிந்தது.
நேற்றைய வெயில் தாருக்குள் இன்னும் ஆறவில்லை,
முன்தாங்கியின் ஒரு கால்
நகமளவு புதைந்துவிட்டது.

முகுந்தனின் கையில் தேத்தண்ணீர்க் கோப்பை.
குடிக்கவில்லை.
பிறகு அவனே போய்,
கவுன்சில் குப்பைக்கென்று வைத்த
கட்டில் பலகையை இரண்டாக அறுத்து வந்தான்.

எல்லாம் முதலிலிருந்து.
பலகை, ஜக், தாங்கி, இடி.
அசையவில்லை.
கழற்றிய சில்லின் உட்பக்கம் ஒரு ரெட்பேக்,
முதுகில் சிவப்புக் கீறு.
மகன் பெயர் வைப்பதற்குள் தட்டிவிட்டேன்.
முன்னது பின்னே, பின்னது முன்னே.
நட்டுகளை ஒன்றுக்கு எதிரே ஒன்றாக,
கொஞ்சம் கொஞ்சமாக.
மற்றப் பக்கத்தை நான் செய்கிறேன் என்றான் முகுந்தன்.
செய்தான், பாட்டுப் பாடிக்கொண்டு.

புதன்கிழமை.
எண்பது கிலோமீற்றர் ஓடியிருந்தது.
செவன் ஹில்ஸ் பெற்றோல் செட்டில் நிறுத்தச் சொன்னேன்.
"இறுக்கினதுதானே, பிறகென்ன?"
வேலைச் சீருடையோடு முழந்தாளிட்டேன்.
பத்தொன்பது நட்டுகள் அசையவில்லை.
இருபதாவது, வலப்பக்கம், பின்சில்லு,
கால் சுற்றுப் போனது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
வீடுவரை
அவன் றேடியோவைப் போடவில்லை.