கானாடுகாத்தான், பத்து நாற்பது

காரைக்குடியில் விசில் ஊதும்போதே
வயிறு கேட்கும்: எத்தனை நிறுத்தம்?
கோட்டையூரில் கட்டணக் கழிப்பறை, ஐந்து ரூபாய்.
கண்டக்டரிடம் சில்லறைக்குப் பஞ்சமில்லை,
அந்த ஒரு நிம்மதி.
பள்ளத்தூரில் பெட்ரோல் பங்க்.
தண்ணீர் வராத நாளில் பங்க் பையன்
என்னைப் பார்க்காத மாதிரி பார்ப்பான்.
அதற்கப்புறம் வெயிலும் கருவேலமும்,
பிறகு பூட்டிய மாளிகைகள்.
முன்வாசலிலிருந்து பார்த்தால்
பின்தெரு தெரியுமாம், அத்தனை கதவு.
அதில் ஒரு கக்கூஸ் கதவு எனக்கில்லை.
"அண்ணே, ரெண்டு நிமிசம்" என்று
டிரைவர் இருளப்பனிடம் கெஞ்சியிருக்கிறேன்,
இலவசச் சீட்டுப் பெண்கள்
வாயைப் பொத்திச் சிரிக்க.

சிகரெட்டை விட்டது தை மாதம்.
பூமயில் முழுகாமல் இருந்தாள்,
வாசம் வந்தாலே குமட்டுது என்றாள்.
பதினெட்டு வருசத்தை
பாக்கெட்டோடு பஸ் சக்கரத்தடியில் வைத்தேன்.
டெப்போவே முதுகில் தட்டியது.
சித்திரையில் முதல் ரத்தம்.

மூலம் என்றார் மருந்துக்கடைக்காரர்.
சூடு என்று மாமனார் இளநீர் சீவினார்.
மதுரையில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா
"புகை பிடிப்பீங்களா?" என்றார்.
"விட்டுட்டேன்."
கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.
"எப்போ?"
பேனா நின்றுவிட்டது.

பெருங்குடல் அழற்சி.
சிலருக்கு, விட்ட பிறகுதான் தலைகாட்டுமாம்.
ஏனென்று முழுசாக
இன்னும் யாருக்கும் தெரியாதாம்.
"அதுக்காகத் திரும்பத் தொட்டுடாதீங்க.
நெஞ்சுக்கும் நுரையீரலுக்கும் யாரு பதில் சொல்றது?
மாத்திரை இருக்கு, சாப்பிடுங்க."

ஒருநாள் பத்து நாற்பது டிரிப்பில்
பஸ்ஸை அப்படியே விட்டு ஓடினேன்.
ஒரு மாளிகையின் பின்வாசலில்
பீடியும் கையுமாக நின்ற காவல்காரர்
என் முகத்தைப் பார்த்தார், சாவியை எடுத்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது அவரே சொன்னார்:
"எனக்கும் இதே ஓட்டந்தான், தம்பி. சிறுகுடல்.
கிரோன்ஸுன்னு எழுதிக் குடுத்தாங்க.
ஒரு சாண் வெட்டியாச்சு.
இந்தச் சனியனை விடலேன்னா
இன்னொரு சாண் போகுமாம்."
அடைக்கலம் என்று பெயர்.
என் கதையைச் சொன்னேன்.
அவர் வாயிலிருந்த புகை
சிரிப்பில் இருமலாகி வெளியே வந்தது.
இருக்கும்போது ஒருத்தனை அறுக்கிறது,
போனபிறகு இன்னொருத்தனை.
இருளப்பன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தார்.

மடியிலிருந்து கட்டை எடுத்து நீட்டினார்.
ஏழு பீடி.
"எனக்கு ஆகாது. ஒனக்கு ஆகுமே, வச்சுக்க."
டாக்டரம்மா சொன்னதில் பாதியைத்தான்
அவருக்குச் சொல்லியிருந்தேன்.
மீதியைச் சொல்ல வாயெடுத்தேன்.
கை அதற்குள் வாங்கிவிட்டது.

தோல்பையில், பத்து ரூபாய் நோட்டுகளுக்குள்
ஒன்பது நாள் கிடந்தது அந்தக் கட்டு.
ராத்திரி டெப்போவில் கணக்கு ஒப்படைக்கும்போது
ஒன்றை எடுத்து உதட்டில் வைத்துப் பார்த்தேன்.
தீப்பெட்டி இல்லை.
இருந்திருந்தால் என்பதை
பூமயிலிடம் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன்.
வீட்டில் மகள் என் விரலைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.
இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிய விரல்தான்.

"புடிச்சியா?" என்றார் அடைக்கலம்.
"இல்ல. நீங்க?"
சாவி பிடித்த கையில்
இரண்டு விரலை மட்டும் நிமிர்த்திக் காட்டினார்.
முன்பு ஒரு நாளைக்கு இரண்டு கட்டு.

பீடி உதிர்ந்து தூளாகிவிட்டது.
பையைத் தட்டினாலும் போகவில்லை.
மீதி வாங்கிய ஒரு அம்மா
நோட்டை மோந்துபார்த்து முகம் சுளித்தார்:
"பீடி குடிப்பியா, கண்டக்டரே?"
"நான் இல்லம்மா, கூட்டாளி."

இன்றைக்கு நாலு தடவை. ரத்தமில்லை.
பள்ளத்தூர் தாண்டிவிட்டோம்.
உள்ளே போங்க, உள்ளே போங்க,
படியில் யாரும் நிக்காதீங்க.