ஒன்பதாவது கட்டம்

மொத்தம் பதினைந்து கட்டங்கள்.
ஒவ்வொன்றுக்கும் எழுநூறு எழுத்து,
இடைவெளியும் எழுத்துக் கணக்குத்தானாம்.

ஆஸ்பத்திரித் தொண்டு: நூற்றிருபது மணி.
லிஃப்ட் எந்தப் பக்கம் என்று கை காட்டினேன்,
போர்வை மடித்தேன்.
‘நோயாளியை மையமாகக் கொண்ட பராமரிப்பு’
என்று எழுதி வைத்திருக்கிறேன்.

டிராம்போன், மூன்று வருஷம்.
ஊதியது கடைசி வரிசையில்.
எழுதியது ‘குழுப்பணி’.

ஒன்பதாவது கட்டம் காலி.

மார்ச் மாதம், நெப்ராஸ்கா, மைனஸ் பதினெட்டு.
மாட்டு டாக்டரின் வண்டி எங்கோ பனியில் புதைந்துவிட்டது.
தம்பி லைல் டார்ச் பிடித்தான், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.
தோள்வரை கையை விட்டுத் துழாவினேன்.
ஒரு குளம்பு அகப்பட்டது.
இன்னொன்று உள்ளே மடங்கிக் கிடந்தது.
பசு ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தது,
இதற்குமுன் செய்திருக்கிறாயா என்பதுபோல.
இல்லை.
கன்று வந்து விழுந்தது, மூச்சில்லை.
மூக்கில் வைக்கோலை நுழைத்துத் திருகினேன்.
தும்மியது.
லைல்தான் அழுதான்.

வகை: கொடுத்திருக்கும் பட்டியலில் இல்லை.
மணிநேரம்: கடிகாரம் பார்க்கவில்லை.
சரிபார்க்கத் தொடர்புகொள்ள வேண்டியவர்:

காதில் மஞ்சள் வில்லை, எண் 418.
போன் கிடையாது.
காலையில் வந்தால்
வேலியோரம் நிற்கும்.