இமைமயிர்

திபிலிசி, உலர்பாலத்துச் சந்தை.
பதக்கங்களுக்கும் தேநீர்க் குடுவைகளுக்கும் நடுவே
கிடந்தது அந்த லென்ஸ்.
வெயிலில் தூக்கிப் பார்த்தேன்.
பூஞ்சை இல்லை, கீறல் இல்லை.
உள்ளே, இரு கண்ணாடிகளுக்கிடையில்
ஓர் இமைமயிர்.
அதைக் காட்டியே பாதி விலைக்குக் கேட்டேன்.

மருந்துக்கடையில் மிஞ்சும் சிலிக்கா பொட்டலமெல்லாம்
இப்போது இதன் டப்பாவுக்குத்தான்.
டிரைபாடுக்கு வைத்திருந்த காசும்
முர்மான் பட்டறைக்குப் போயிற்று.

திருப்புளியோடு நிமிர்ந்தார்:
"மயிரை எடுக்கட்டுமா, நெஸ்தான்?
படத்தில் விழாதுதான்."
விழாதென்றால் எதற்கு?
பழைய கிரீஸை மட்டும் மாற்றித் தந்தார்.

விழுகிறது.
அபெர்ச்சரை முழுக்கச் சுருக்கி
கஸ்பேகிப் பனிக்கு நேரே பிடித்தால்
வான ஓரத்தில் மங்கலாய் ஒரு வளைவு.

ஏதோ தொழிற்சாலையில்
மூடி முடுக்குமுன்
ஒருத்தி கண்ணைக் கசக்கியிருக்கிறாள்.

படத்தைப் பார்த்த பொண்டோ
பறவை என்றான்.
இருக்கட்டும்.