ஜப்பான் சாப்பிடவில்லை

வவுனியா டொக்டர் பதினாலு பைக்கற் தந்தா.
ஒவ்வொன்றுக்குள்ளும் கோடிக்கணக்கில்
நல்ல கிருமியாம்.
ஊசி மருந்து கெட்டதோடு நல்லதையும் கொன்றதாம்,
வயிற்றில் திரும்பக் குடியேற்ற வேணுமாம்.
மீள்குடியேற்றம், என்றேன்.
அவ சிரிக்கவில்லை.

எஞ்சின் வந்த பெட்டிக்குள் பிறந்ததால் ஜப்பான்.
மல்லாவிக்குத் திரும்பி
முதல் நாள் சூடைமீனில் தூவினேன்.
மணந்தாள். முன்னங்காலால் சீமெந்தைப் பிறாண்டி
இல்லாத மண்ணால் தட்டை மூடிவிட்டுப் போனாள்.
இரண்டாம் நாள் ரின்மீன். மூன்றாம் நாள்
குளத்து விரால் அவித்து, முள்ளெடுத்து, ஆறவைத்து.
பெற்ற பிள்ளைக்குச் செய்தீங்களோ இப்படி என்று
தவமலர் வாளியோடு கடந்து போனா.
எருமைத் தயிரில் கலந்ததை
பக்கத்து வீட்டு நாய் வழித்துத் துடைத்தது.
அதற்கு இனிக் கல்லும் செரிக்கும்.

கோபம் வரத்தான் செய்தது.
ஆனால் முகாமில் தந்த சத்துமாவை
எட்டு நாள் மணந்து மணந்து வைத்தவன் நான்.
தூளுக்குள் என்ன என்று
அன்பாகச் சொன்னவரைக்கூட நம்பாதவன்.

ஒன்பதாம் பைக்கற்றைப் பல்லால் கிழித்தேன்,
கை முழுக்கக் கிறீஸ்.
பாதி கொட்டியது. உறையை எறிந்துவிட்டு
லான்ட்மாஸ்ரருக்குக் கீழே படுத்தேன்.

சரசரப்பு.
வெறும் உறைக்குள் மூக்கை நுழைத்து
ரயர் வரைக்கும் தள்ளித் தள்ளி
நக்குகிறாள்.

நான் அசையவில்லை.
கழற்றிய நட் ஒன்று நெஞ்சில் கிடக்கிறது.
எண்ணெய் சொட்டுச் சொட்டாய்க் காதுக்குள் விழுகிறது,
விழட்டும்.