பதினைந்து தவ்

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜின்.
கோரிமேட்டில் ஆறு மணிக் குளிர்.
பெல்ட்டைக் கையால் இழுத்து
அம்பாசிடரைச் சுற்றுகிறார் மஸ்தான்.
எட்டு திறந்தால் ஒன்று,
ஐந்து திறந்தால் நான்கு,
கூட்டினால் ஒன்பது வரணுமாம்.

கொண்டைஊசிக்குக் கொண்டைஊசி டக்டக்கென்று
சவாரி முன்னால் மானம் வாங்கிய
மூன்றாவது வால்வைக்
காட்டிக்கொடுத்தேன்.
தகடு லேசாய்ப் போய்வந்தது.
"இது கத்தும். ஆனா ஓடும்."

நாலாவதில் தகடு நுழையவே இல்லை.
ஒரு சத்தம் போடாமல்
வாயை முழுசாய் மூடவும் முடியாமல்
எத்தனை நாளாய் ஏற்காடு ஏறி இறங்கியதோ
நெருப்பைத் தின்றுகொண்டு.

திருகினார். பார்த்தார். மறுபடி திருகினார்.
புதுச் செருப்புக்குள் கால் போவதுபோல்
இழுபட்டுப் போனது தகடு.
லாக் நட்.

சாவியைத் திருப்பினேன்.
இப்போது நாலாவதும் சேர்ந்து
கொஞ்சம் பேசியது.
கேட்டுக்கொண்டே
முதல் வளைவில் கியர் குறைத்தேன்.