அரைப்பேர்

ஆகஸ்ட் லீவில் இருபத்தொரு நாள்
அப்புத்தளைக்கு மேலே, துரை போய்விட்ட பங்களாவில்
ஐம்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஆங்கிலம்.
சாப்பாடும் கட்டிலும் உடனே,
சம்பளம் முடிவில் என்று பேச்சு.

வாசலில் ஒரு பால்மா டின்.
தமிழோ சிங்களமோ வாயில் வந்தால் ஐந்து ரூபாய்.
சட்டம் டிரெக்டருடையது. காவல் நான்.
முதல் நாள் காலை
ஈரப்புல்லில் நின்று பேர் கூப்பிடும்போது
என் கணுக்காலில் அட்டை.
‘ஐயோ அம்மா’ என்றேன்.
ஐம்பத்திரண்டு முகமும் டின்னைப் பார்த்தன.
போட்டேன். குத்தி அடியில் விழுந்த சத்தம்தான்
அன்று எல்லாருக்கும் விளங்கிய ஒரே வசனம்.

பிறகு பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.
தண்ணீர் வேண்டுமென்றால் குழாயைக் காட்டுவார்கள்.
ரிஃப்கான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
இரண்டு விரலை உயர்த்துவான்.
பந்தாட்டச் சண்டைகூடப்
புருவத்தாலும் முழங்கையாலும்தான்.
இரவில், பலகைச் சுவருக்கு அப்பால்
அவ்வளவும் வெளியே வரும்:
தூக்கத்தில் ஒருத்தி ஆட்டை விரட்டுகிறாள்,
ஒருத்தி தம்பியை ஏசுகிறாள்,
சந்துனி சிங்களத்தில் எதையோ எண்ணுகிறாள்.
தூக்கத்துக்குத் தண்டம் உண்டா என்று
டிரெக்டரிடம் நான் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் யோசித்திருப்பார்.

ஏழாம் நாள் புத்தகத்தை மூடிவைத்தேன்.
வீட்டில் பேசுகிற ஆங்கிலச் சொற்களைச் சொல்லுங்கள்.
ஒன்றுமில்லை மிஸ், என்றார்கள்.
பின்வாங்கிலிருந்து டிலுக்ஷன்: மஸ்டர்.
அப்புறம் நிற்கவில்லை.
செக்ரோல். டிவிஷன். பெக்டரி. நோம்.
சுப்ரவைசர். அட்வான்ஸ். டிஸ்பென்சரி.
லோன் என்று மூன்று பேர் ஒரே நேரத்தில்.
கரும்பலகை போதவில்லை.
பசறையில் என் வீட்டிலும் இதே அகராதிதான்,
நூற்றைம்பது வருஷமாய்ப் பாடமாக்கி
ஒருத்தரும் பாஸாகாதது.

‘கொழுந்துக்கு என்ன மிஸ்?’
ஃப்ளஷ் என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒருவன்
கக்கூஸ் சங்கிலியை இழுத்துக் காட்டினான்.
கூரைத்தகரம் அதிரச் சிரித்தார்கள். நானும்தான்.

அன்று மாலை ‘என் அம்மா’, ஐந்து வரி.
திருத்த உட்கார்ந்தால்
எல்லாரும் ஒரே அம்மாவுக்குப் பிறந்திருந்தார்கள்:
உயரமானவள், ஆசிரியை,
பொழுதுபோக்கு தோட்டம் செய்வது.
லோஜினி மட்டும் எழுதியிருந்தாள்
மழை பெய்தால் தன் அம்மாவுக்கு ஹாஃப் நேம் என்று.

சிவப்புப் பேனா தானாக வட்டம் போட்டது.
மேலே, அரைநாள் சம்பளம் என்று
ஆங்கிலத்தில் எழுதப் போனேன். சரியான திருத்தம்.
ஆனால் அவள் அம்மா மலையில் நின்றது முழு நாள்.
இரண்டு கிலோ குறைந்ததற்காகத்
தராசு நாளை வெட்டவில்லை, பேரை வெட்டியது.
பெருமழை விழுந்த ஓர் ஐப்பசியில்
என் அம்மா ரெஜினாமேரிக்குப் பதினொரு அரைப்பேர்.
அந்த மாதம் அவள் ரெஜினாவா, மேரியா?
பட்டப்படிப்பு முடித்தும்
இதை நான் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் லோஜினி வந்தாள்.
‘பிழையா மிஸ்?’
‘அப்படிச் சொல்றதில்ல.’
‘அப்ப எப்படிச் சொல்லுவாங்க?’
பதினைந்து ரூபாய்ப் பேச்சு.
ஐந்து என்னுடையது, மிச்சத்தையும் நானே போட்டேன்.
அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.
டர்பன்டைன் மரங்களுக்குள் பனி ஏறுவதைப்
பார்ப்பதுபோல் நின்றேன்.

கடைசி நாள் கணக்கு.
காய்ச்சலில் கிடந்த ஒன்றரை நாளை
டிரெக்டர் கழித்திருந்தார், மரியாதையாக,
நல்ல ஆங்கிலத்தில்.
டின்னில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.
பணிஸ் வாங்கினோம், ஆளுக்குப் பாதி.
லோஜினியின் கொப்பி என் பைக்குள் தங்கிவிட்டது,
வட்டத்தோடு, மேலே ஒன்றும் எழுதாமல்.
பஸ் வளைவில் இறங்கும்போது
பிள்ளைகள் சேர்ந்து எதையோ கத்தினார்கள்.
காற்று இந்தப் பக்கம் விடவில்லை.

சம்பளச் சீட்டில் கையெழுத்து வைக்க
விரல் அகலத்தில் ஒரு கட்டம்.
முழுப்பேரையும் எழுதினேன்.
வெளியே போய்விட்டது.