லியோன், வழி: அம்மாபேட்டை

விசா வரவில்லை.
விடுப்பு வந்துவிட்டது, ஒன்பது நாள்,
ஜவ்வரிசி ஆலை மேலாளர் கையெழுத்தோடு.
"இதை ரத்து பண்ணணும்னா
அதுக்கும் ஒரு ஃபாரம் இருக்குங்க, வேணாம்" என்றார்.
எதிர்வீட்டில் ஏற்கெனவே
சாக்லேட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

அச்செடுத்த பதினாலு பக்கம்
கைப்பையிலேயே கிடந்தது:
'லியோன் நகரை நீங்களே நடந்து பாருங்கள்.
மூன்று மணி நேரம், பன்னிரண்டு நிறுத்தங்கள்,
வழிகாட்டி தேவையில்லை.'
திங்கட்கிழமை மூன்றரை மணி வெயிலில்
அதை விரித்துக்கொண்டு
பழைய பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

ஒன்று. 'ஆற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.'
அங்கே இரண்டு ஆறு. இங்கே ஒன்று, திருமணிமுத்தாறு.
அதற்கு முதுகைக் காட்டத்
தாள் சொல்ல வேண்டியதில்லை,
ஊரே அப்படித்தான் நிற்கிறது.

இரண்டு. 'இடப்பக்கம் திரும்பினால் கோபுரம் தெரியும்.'
தெரியத்தான் செய்தது.
சாமி பெயர்தான் தாளில் தப்பு.

மூன்று. 'வானியல் கடிகாரம்.
மணியடிக்கையில் பொம்மைகள் அசையும்.'
சின்னக்கடை வீதியில்
பாதி ஏற்றிய ஷட்டருக்குள் ஒரு சுவர்,
பதினோரு கடிகாரம், பதினோரு நேரம்.
கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் லென்ஸோடு நிமிர்ந்தார்.
அவர் மட்டும் அசைந்தார்.

நான்கில் ஒரு தின்பண்டம்.
'நெசவாளியின் மூளை' என்று பெயராம்,
பாலாடைக்கட்டியில் பூண்டும் பச்சிலையும் போட்டது.
தள்ளுவண்டிப் பையன் நீட்டிய தட்டுவடை செட்டில்
யாருடைய மூளையும் இல்லை.
பீட்ரூட் சாயம் விரலில் ஏறி
ஐந்தாம் பக்கத்தில் என் ரேகை விழுந்தது.

ஐந்தும் ஆறும் வெயிலில் தவறிப்போயின.

ஏழு. 'எண் இருபத்தேழு.
பூட்டியதுபோல் தோன்றும் கதவு. தள்ளுங்கள், திறக்கும்.
வீடுகளுக்குள் ஓடும் வழி மறு தெருவில் விடும்.
பட்டு நனையாமல் தூக்கிப்போன வழி.
இங்கே மக்கள் வசிக்கிறார்கள்,
அமைதி காக்கவும்.'

அம்மாபேட்டையில் ஒரு சந்து.
பழைய எண் 27, புதிய எண் 43.
தள்ளினேன்.
திறந்தது.

மின்பெட்டிக்கு மேல் சாக்பீஸில் கே.ஆர். துளசிராம்.
அதற்குக் கீழே முறத்தோடு ஓர் அம்மாள்.
"யாருங்க வேணும்?"

லியோன் என்றா சொல்வது?
"அந்தப் பக்கம் போகணும்"
என்று வாய் சொல்லிவிட்டது.

அவர் உள்ளே திரும்பி எதையோ சொன்னார்.
உள்ளிருந்து இரண்டு குரல் பதில் சொல்லின,
ஒன்று சிரித்தது.
சௌராஷ்டிரம் என்பது தெரியும்,
தெரிந்தது அவ்வளவுதான்.
நாற்பத்தொரு வருடமாக இதே ஊர்.
இங்கிருந்து நாலாவது ஸ்டாப்பில் என் வீடு.
புரியாத பேச்சின் நடுவே
ஒருமுறையாவது நிற்பதற்கு
நான்கு வருடம் சீட்டுக் கட்டியிருக்கிறேன்.

"செருப்பைக் கையில எடுத்துக்குங்க,
சாமி ரூமைத் தாண்டணும்."

எடுத்துக்கொண்டேன்.
குக்கர் மூன்றாவது விசிலில் இருந்தது.
கட்டிலுக்கடியில் இறகுப்பந்து தேடும் ஒரு பையனின் கால்கள்.
ஈர வேட்டிக்குக் குனிந்தேன்,
சாமிக்குக் குனிந்ததாக நினைத்திருப்பார்கள்.
தாள் சொன்னபடி அமைதி காத்தேன்.
அவர்கள் காக்கவில்லை.

"கதவைச் சாத்திட்டுப் போங்க,
பூனை வந்துரும்."

எட்டு. 'இங்கிருந்து நகரம் முழுவதும் தெரியும்.'
ஒரு டிரான்ஸ்பார்மர் தெரிந்தது.
இரண்டு தண்ணீர்த்தொட்டிகளின் இடைவெளியில்
ஒரு சாண் சேர்வராயன்,
அதில் விளக்கைப் போட்டுக்கொண்டு
வளைவேறும் ஏதோ வண்டி.

இது எந்தத் தெரு என்று
ஆட்டோக்காரரைக் கேட்டேன்.
"ஊருக்குப் புதுசுங்களா?"

செருப்பைக் கீழே போட்டு
இடதுகாலை நுழைத்தேன்.
வார் முறுக்கிக்கொண்டது.